நோட்டுப்படி மூன்றாவது டிஸ்க்

போன வாரம் நந்தினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தேனியில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில், எனக்குப் பிறகு கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். படத்தில் பக்கவாட்டு மூடி கழற்றிய ஒரு புதுக் கம்ப்யூட்டர், உள்ளே நாலு டிஸ்க் மாட்டுவதற்கான காலி இடங்கள். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நாலு டிஸ்க் போடப் போறோம். மிரரா போடவா, ரெய்டு அஞ்சாப் போடவா? கடைக்காரவுக அஞ்சுதான் நல்லதுங்கிறாக. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கக்கா."

சாயங்காலத்துக்குள் சொல்ல முடியவில்லை. அந்தக் காலி இடங்களைப் பார்த்ததுமே பயத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் இந்தப் பயம் என்னை விட்டு ஓய்வு பெறவில்லை. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு வரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லாவிட்டால் கடைக்காரர் பேச்சுத்தான் ஜெயிக்கும். நானும் ஒரு காலத்தில் அந்தக் கடைக்காரரைப் போலவே பேசியவள்தான்.

நான் அந்த இடத்துக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கப் போனவள். அல்லிநகரத்தில் வீடு, டைப்ரைட்டிங்கில் ஹையர், அவ்வளவுதான் என் படிப்பு. கம்ப்யூட்டர் வந்தபோது டாக்டர் என்னை ஆறு மாசம் மதுரைக்குப் படிக்க அனுப்பினார். தினமும் ஆண்டிபட்டி கணவாய் வழியாகப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே வந்தேன். படித்ததில் பாதி அங்கே கற்றது, மீதி பிறகு பயத்தில் கற்றது.

டாக்டர் ஜெயராஜ் போடிக்காரர். குடும்பம் ஏலக்காய் வியாபாரம், இவர் ஒருவர்தான் டாக்டருக்குப் படித்தவர். முப்பது வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு சொல் இருந்தது: "அப்புறம்?" நாம் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்தபின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அப்புறம்?" என்பார். கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது என்போம். அப்புறம்? பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர். அப்புறம்? டீசல் கேன் வாங்கி வைத்திருக்கிறோம். அப்புறம்? நமக்குப் பதில் தீரும் இடம்வரை விடமாட்டார். தீர்ந்த இடத்தை ஒரு பென்சிலால் சின்னச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த நாட்களில் நாங்கள் எடுக்கிற ஸ்கேன் படங்களையெல்லாம் சாயங்காலமானால் டிவிடியில் பதிந்து, பெயர் எழுதி, இரும்பு பீரோவில் அடுக்குவோம். அது என் வேலை. மகா அலுப்பான வேலை. பீரோ ரெண்டாகி, மூன்றாகி, கடைசியில் கதவைத் திறந்தால் தலையில் விழுகிற நிலைமை வந்தது. அப்போதுதான் நாலு டிஸ்க் போட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யோசனை சொன்னேன்.

எப்படிப் போடுவது என்பதில் ரெண்டு வழி இருந்தது. மிரர் என்றால், ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும். ஒன்று போனால் அதன் ஜோடி இருக்கும். ஆனால் நாலு டிஸ்க் வாங்கினாலும் ரெண்டு டிஸ்க் அளவுதான் இடம் கிடைக்கும். ரெய்டு அஞ்சு என்றால், படத்தைத் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரப்பி, கூடவே ஒரு கணக்கையும் போட்டு வைக்கும். எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்து, செத்ததில் இருந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று டிஸ்க் அளவு இடம் கிடைக்கும். எனக்கு அந்த மூன்றின் மேல் ஆசை. கையில் உள்ளதை வீணாக்காமல் குடும்பம் நடத்தத் தெரிந்தவள் என்று பெயர் வாங்குகிற ஆசைதான், வேறென்ன.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு டிஸ்க் போச்சுன்னா?"

"மத்த மூணு இருக்கு சார். புதுசு ஒண்ணு மாட்டுனா அதுவே பழையபடி எழுதிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் வராது சார். ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல போகவா போகுது?"

அவர் விடவில்லை. "டிவிடி?"

"அது இனிமே வேணாம் சார். அதுக்குத்தான இவ்வளவு பாடு."

நான் அதோடு நிறுத்தவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை, அது உட்கார்ந்திருக்கும் சின்னத் தட்டோடு உருவிக் காட்டினேன். படம் நிற்கவில்லை. நர்ஸ்கள் கைதட்டினார்கள். டாக்டர் கைதட்டவில்லை, ஆனால் சீட்டும் எழுதவில்லை. அதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து டிவிடி பதிவது நின்றது.

ஒரு ஒழுங்கு மட்டும் வைத்திருந்தேன். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் கம்பெனி அச்சடித்த நீளமான நம்பர் இருக்கும். எது செத்தது என்று கம்ப்யூட்டர் அந்த நம்பரைத்தான் திரையில் காட்டும். தட்டு உள்ளே இருக்கும்போது நம்பரைப் படிக்க முடியாது. அதனால் முதல் தட்டில் இந்த நம்பர், ரெண்டாவதில் இந்த நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் தலைமேலேயே வைத்திருந்தேன். அந்த நோட்டை நான் நம்பியது போல வேறு எதையும் நம்பியதில்லை.

எங்கள் சென்டரில் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கும். டாக்டர் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும் அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பொரிகடலைக்கு முதல் கை அவருடையதாக இருக்கும். ஸ்கேன் மெஷினில் தொடங்கி ஸ்டேப்ளர் வரை துடைத்துப் பொட்டு வைப்போம். டிஸ்க் போட்டு ஏழு வருஷம் ஆகியிருந்த அந்த வருஷம் எனக்கு ஒரு பக்தி முற்றிப்போனது. பெட்டிக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, உண்மையில் உழைப்பது உள்ளே இருக்கிற நாலு டிஸ்க் அல்லவா என்று தோன்றியது. கம்ப்யூட்டரை அணைத்து, நாலு தட்டையும் உருவி, சாமி படத்துக்கு முன்னால் மேஜையில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தேன். தூசி துடைத்து, தட்டின் முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்தேன். நல்லவேளையாகப் பொட்டுத் தட்டில்தான், டிஸ்க்கில் இல்லை என்று அப்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாராதனை முடிந்தது. விளக்கு காற்றில் அலைந்ததால் அதைக் குளிரவைக்க மேஜைக்கு அந்தப் பக்கம், சாமி படத்தை ஒட்டிப் போனேன். அங்கேயே நின்றபடி தட்டுகளை என் இடது கைப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போய், எடுத்த வரிசையிலேயே முதல் தட்டு, ரெண்டாவது தட்டு என்று மாட்டினேன். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. இந்த வகைக் கம்ப்யூட்டர், எந்த டிஸ்க் எங்கே இருந்தாலும் தன் ஆளைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நான் போகும்போதே கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. திரையில் ஒரு டிஸ்க் நம்பர் சிவப்பில். நோட்டைப் பார்த்தேன். மூன்றாவது தட்டு. எனக்குப் பயமே வரவில்லை, அதை இன்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அலமாரியில் புது டிஸ்க் தயாராக இருந்தது. "இதுக்குத்தான் இந்த ஏற்பாடே" என்று சொல்லிக்கொண்டு முந்தானையைச் செருகினேன்.

அந்த நேரத்தில்தான் ஈஸ்வரி வந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் பால்வாடி டீச்சர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். கூட அவள் புருஷன் முருகேசன், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம் மெட்டு மலை ஏறுகிற ஜீப் டிரைவர். நாலு வருஷத்துக்கு முன் தலைவலி என்று எங்களிடம்தான் தலை ஸ்கேன் எடுத்திருந்தாள். மூளையின் உறையில் ஒரு சின்னக் கட்டி, கெட்ட கட்டி இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தலைவலி நின்றதும் அவள் வரவில்லை. அதற்கு முந்தின வாரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். மதுரையில் புதிதாக ஸ்கேன் எடுத்த டாக்டர், பழைய படத்தை வியாழக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"ஃபிலிம் குடுத்திருப்போமே?" என்றேன்.

முருகேசன் தலையைச் சொறிந்தான். "கிரகணத்தன்னைக்குப் புள்ளைக சூரியனைப் பாக்கணும்னு அடம் புடிச்சிருக்குக. இவ அதைத் துண்டு துண்டா நறுக்கி ஆளுக்கொண்ணு குடுத்துட்டாக்கா."

"அதுல என் பேரு போட்ட துண்டு மட்டும் வீட்டுல இருக்கு" என்றாள் ஈஸ்வரி. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

டாக்டர், மதுரை டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்துவிட்டு என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கட்டி இருப்பது பேச்சு வருகிற இடத்தை ஒட்டி. நாலு வருஷமாக அப்படியே இருந்தால் தொடவேண்டியதே இல்லை, வலிப்புக்கு மாத்திரை போதும். வளர்ந்திருந்தால் எடுத்தாக வேண்டும். பழைய படம் இல்லையென்றால் எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாசம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். வேகமாக வளர்கிற கட்டியாக இருந்தால் அந்த மூன்று மாசம் ஆபத்து. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "முதல்ல அந்தப் பொண்ணோட படத்தை எடுத்துக் குடுங்க விஜயா" என்றார்.

"ஒரு டிஸ்க் போயிருக்கு சார். அதை மாத்திட்டு எடுத்துத் தரேன். அதான் பாதுகாப்பு."

அவர் ஏதோ கேட்கப் போனவர், வெளியே யாரோ கூப்பிட, போய்விட்டார். படத்தை எடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் திரும்ப வாழ்ந்து பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அறைக்குப் போய் மூன்றாவது தட்டை உருவினேன்.

கீச் கீச்சென்று விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது ஒரே நீளமாக அலறத் தொடங்கியது. திரையிலிருந்த படப் பட்டியல் ஒரு நொடியில் வெறுமையானது. கையில் இருந்த டிஸ்க்கைத் திருப்பி நம்பரைப் படித்தேன். அது செத்த டிஸ்க்கின் நம்பர் இல்லை. நோட்டில் ரெண்டாவது என்று எழுதியிருந்த, உயிரோடு இருந்த டிஸ்க். தட்டின் முகப்பில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அப்போதுதான் எனக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று தட்டு எடுத்தது ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கமிருந்து எடுத்ததில் நாலாவது முதலாகி, வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது.

ஒன்று தானாகச் செத்தது, இன்னொன்றை நானே உருவிவிட்டேன். ரெண்டு போனால் எல்லாம் போச்சு. ஏழு வருஷத்துப் படங்கள். அலறல் சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பது போல இருந்தது.

டிஸ்க்கைத் திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்தது: எல்லா டிஸ்க்கையும் சேர்த்துப் புதிதாக அமைக்கட்டுமா? ஆம் என்றால் ஒரு பொத்தான், இல்லை என்றால் ஒரு பொத்தான். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஆசை காட்டுகிற மாதிரிக் கேள்வி. ஆனால் ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருப்பதன் மேல் வெள்ளையடித்துவிடும். விரல் தானாகப் போய் அழுத்திவிடுமோ என்று பயந்து ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன்.

வெளியே பெஞ்சில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். "ஆயிருச்சாக்கா?"

"கொஞ்சம் நேரமாகும்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டாக்டரிடம் போய், "தப்பான டிஸ்க்கைக் கழட்டிட்டேன் சார்" என்று சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். ஆயுத பூஜையில் நடந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எதையாவது அழுத்துனீங்களா?"

"இல்ல சார். அணைச்சிட்டேன்."

"நல்லது. இப்ப என்ன செய்யணும்?"

திட்டியிருந்தால் விழுந்திருப்பேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்ததால் மூளை வேலை செய்தது. மூலத்தைத் தொடக்கூடாது, முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே புது டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும், நகலை வைத்துத்தான் எதையும் முயல வேண்டும், ஒரு நகலுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றேன். அவர் வெளியே போய் ஈஸ்வரியிடம், "புதன்கிழமை ஆகும்மா. நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

செத்ததை விட்டால் மூன்று டிஸ்க், நகலுக்கு மூன்று புது டிஸ்க் வேண்டும். அலமாரியில் ஒன்று, தேனிக் கடைகளில் தேடி ஒன்று. மூன்றாவது மதுரையிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அந்தப் பார்சலை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து வாங்கியதைப் பார்த்து, "உடைஞ்சிற சாமானாக்கா?" என்று கேட்டார் கண்டக்டர்.

இன்னொரு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டி, படிக்க மட்டும், எழுதக்கூடாது என்று பூட்டுப் போட்டு நகலைத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் நம்பரைச் சத்தமாக வாசிப்பேன், ரிசப்ஷன் பெண் அதைத் திரும்ப வாசிப்பாள், அதன்பிறகுதான் வயரைச் சொருகுவேன். முதல் டிஸ்க் ஒழுங்காக வந்தது. நான் உருவிய டிஸ்க்கும் வந்தது. மிச்சமிருந்த நாலாவது டிஸ்க், செவ்வாய் மத்தியானம், பாதிக்கு மேல் தாண்டியதும் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. நாலையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருந்தேன். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகத்தான் நோகும் என்று வாங்கும்போது யோசிக்கவில்லை. இதுவும் நின்றுவிட்டால் ஈஸ்வரியின் படத்தைக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டிக் என்றால் திரையில் சதவீதம் நகர்கிறதா என்று பார்ப்பேன். சத்தம் நின்றால் செத்துவிட்டதோ என்று காதை வைத்துக் கேட்பேன். தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தது. மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தேன். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வரவேண்டாம் என்று சொல்லியும் ஈஸ்வரி செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதனும் வந்தாள். முருகேசன் இறக்கிவிட்டுப் போய்விடுவான், இவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு தடவை என்னை நிறுத்தி, "அக்கா, அது கெடைக்காமப் போனா மூணு மாசம் கழிச்சுத்தான் பாப்பாகளா?" என்றாள்.

"கெடைச்சிரும்மா. பயப்படாத."

"கெடைக்காமக்கூடப் போகும்ல?"

என்னைக் குற்றம் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். டாக்டர் அந்த ரெண்டு நாளும் மணிக்கு ஒரு தடவை வந்து கதவோரம் நிற்பார். "எவ்வளவு?" என்பார். நான் சதவீதம் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். செவ்வாய் சாயங்காலம், நான் சாப்பிடவில்லை என்று யார் சொன்னார்களோ, ஒரு தட்டில் ரெண்டு இட்லி வைத்து மூடிவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷனிடம் போய், படம் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

புதன் காலையில் மூன்றாவது நகலும் முடிந்தது. சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று ஒரு பட்டியல் வந்தது. எந்த நோயாளியின் படம் அந்த இடங்களில் இருந்தது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். நோட்டில் எழுதியிருந்த பழைய வரிசைப்படி மூன்று நகலையும் அந்த இன்னொரு கம்ப்யூட்டரில், படிக்க மட்டும் என்று சேர்த்து மாட்டினேன். படப் பட்டியல் வந்தது. ஈஸ்வரி பெயரைத் தேடினேன். இருந்தது. பெயர் இருந்தால் படம் இருக்கும் என்று அர்த்தமில்லை. முதல் படம் திறந்தது. ரெண்டாவது திறக்கவில்லை. மூன்றாவதும் திறக்கவில்லை. நாலாவது திறந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக, தலையின் உச்சி வரைக்கும் எல்லாம் திறந்தன. போனது ரெண்டே ரெண்டு, அதுவும் கட்டியிருந்த பக்கம் இல்லை.

ஓடிப்போய் டாக்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். முப்பது வருஷத்தில் அன்றுதான் அவரைத் தொட்டேன்.

அவர் ஈஸ்வரி கொண்டுவந்திருந்த மதுரைப் படத்தையும் எங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தார். எனக்கு ஸ்கேன் படத்தைப் படிக்கத் தெரியாது, அவர் முகத்தைப் படிக்கத் தெரியும். படம் கிடைத்த சந்தோஷத்தில் நான் இளித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது. நாலு வருஷத்துக்கு முன் கொண்டைக்கடலை அளவு இருந்தது இப்போது பெரிய நெல்லிக்காய் அளவாகியிருந்தது.

"எடுத்துத்தான் ஆகணும்" என்றார். "தள்ளிப்போட முடியாது."

ஈஸ்வரியையும், போன் போட்டு வரவழைத்த முருகேசனையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். பேச்சு போகுமா என்று முருகேசன் கேட்டான். போகலாம், போகாமலும் இருக்கலாம், எடுக்காவிட்டால் அதைவிடப் பெரியதெல்லாம் போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

படத்தைப் பதிந்து ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"ஏன்க்கா இதைத் தெறந்தீக?" என்றாள்.

"என்னம்மா சொல்ற?" என்றேன், உறையை நீட்டியபடியே.

"ரெண்டு நாளா இங்கன ஒக்காந்து, அது தெறக்கக் கூடாது, தெறக்கக் கூடாதுன்னுதான் மாரியம்மாளை வேண்டிக்கிட்டிருந்தேன். உள்ள ஏதோ ரிப்பேருன்னு எனக்கும் தெரியும்க்கா. நீங்க அழுது மூஞ்சி வீங்கி வந்தீகல்ல. கெடைக்கலன்னு சொல்லிருந்தா இன்னும் மூணு மாசம் பேசிக்கிட்டாவது இருந்திருப்பேன்."

நான் பயந்ததெல்லாம் படம் கிடைக்காமல் போய்விடுமோ என்று. அவள் பயந்தது கிடைத்துவிடுமோ என்று. ஒரே கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ரெண்டு நாள் நேர் எதிராக வேண்டியிருக்கிறோம். முருகேசன்தான் உறையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முருகேசன் போன் செய்தான். நல்லபடியாக முடிந்தது, கண் முழித்துவிட்டாள் என்றான். பேசுகிறாளா என்று கேட்டேன். "இன்னும் இல்லக்கா" என்றான். கார்த்திகை தீபத்துக்குக் கேட்டேன், "ஒண்ணு ரெண்டு வார்த்தை" என்றான். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்கப் பயமாக இருந்தது. போனில் கம்பத்து நம்பர் எது வந்தாலும் எடுக்கும்முன் ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

இதற்கிடையில் வேலை முறையை அடியோடு மாற்றினேன். மிரர் போட்டேன். ஜோடி டிஸ்க்குகளை வேறு வேறு கடையில், வேறு வேறு மாசத்தில் வாங்கினேன். டிஸ்க்கின் நம்பரைத் தட்டின் முகப்பிலேயே, படிக்கிற மாதிரி ஒட்டினேன். ஒவ்வொரு நாள் படத்துக்கும் தனியாக ஒரு நகல், வாரம் ஒரு நகல் டாக்டரின் போடி வீட்டு அலமாரிக்கு. மாசம் ஒரு தடவை அந்த நகலிலிருந்து ஒரு படத்தை உண்மையிலேயே திறந்து பார்ப்பது. ஒரு டிஸ்க் கத்தினால், அதைத் தொடுவதற்கு முன் அவசரமான படத்தை வெளியே எடுத்துவிடுவது. ஆயுத பூஜைக்குப் பொட்டுப் பெட்டிக்கு வெளியே மட்டும். நந்தினி, உனக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நாலு டிஸ்க்கை மிரராகப் போடு, அப்படிப் போட்டுவிட்டதாலேயே நகல் இருக்கிறது என்று நினைத்துவிடாதே. டிஸ்க் சாவதற்குத்தான் அது மருந்து. நம் கை செய்கிற தப்புக்கு வேறு இடத்தில் இருக்கிற நகல்தான் மருந்து.

சித்திரை மாசம் ஈஸ்வரி மறு ஸ்கேனுக்கு வந்தாள். முடி குட்டையாக வளர்ந்திருந்தது, அதில் பூ நிற்காமல் ஹேர்பின் போட்டுக் குத்தியிருந்தாள். நான் கம்ப்யூட்டர் அறையை விட்டு வெளியே போகவில்லை. அவளே தேடிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கையால் பொறுங்கள் என்று காட்டினாள். நான் பொறுத்தேன்.

"அக்கா" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "அந்த... பழைய படம்."

"சொல்லு ஈஸ்வரி."

"இருக்கா?"

"இருக்கு. மூணு எடத்துல வச்சிருக்கேன்."

அடுத்த வார்த்தைக்காக அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ரெண்டு தடவை அசைந்து நின்றது. நான் அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன், அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவளேதான் சொல்லி முடித்தாள்.

"அழிச்சு... ராதீக."